ஏழு மணி என்று அச்சடித்த தேர்

எங்கள் கோயில் நிர்வாக சபையில் பதினொரு ஆண்கள் இருக்கிறார்கள். பதினொரு பேருக்கும் பதவி உண்டு. தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர் என்று இறங்கிக்கொண்டே போனால் கடைசியில் இருப்பவர் ‘சிறப்பு ஆலோசகர்’. யாருக்கு என்ன ஆலோசனை சொல்கிறார் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் எல்லோரும் பொறுப்புணர்ச்சி மிக்கவர்கள். சுவரொட்டிக்குப் படம் கொடுக்க, பொன்னாடை வாங்க, மைக் பிடிக்க எந்நேரமும் தயாராக இருப்பார்கள். அந்த வருடம் தேர்த் திருவிழாவுக்கு அனுமதி கேட்கும் படிவத்தில் ‘பொறுப்பாளர் பெயர், கையொப்பம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் கண்டதும் பதினொரு பேருக்கும் ஒரே நேரத்தில் அடக்கம் வந்துவிட்டது.

“தங்கச்சி, நீங்கள்தானே டொச் நல்லாக் கதைப்பியள். ஒரு கையெழுத்துத்தானே, வைச்சுவிடுங்கோவன்” என்றார் தலைவர். டொச் என்று நாங்கள் சொல்வது ஜெர்மன் மொழியை.

நான் வைத்தேன். அம்மன் கோபிக்கக்கூடாது, அதை அம்மனுக்காக வைக்கவில்லை. எனக்குப் பாஸ்போட் வேண்டியிருந்தது.

அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். நான் சுவிசுக்கு வந்து இருபத்து நான்கு வருடம். பேர்னுக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனைத் தாண்டி, ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். கணவருக்குக் கிடைத்தது. பிள்ளைகள் இருவருக்கும் கிடைத்தது. எனக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது. ‘மொழியறிவு நன்று. உள்ளூர் வாழ்க்கையில் பங்கேற்பு போதாது.’

கணவர் ஊர்த் தீயணைப்புப் படையில் தொண்டர். மாதத்தில் இரண்டு மாலை போவார். தண்ணீர்க் குழாயை விரிப்பார், சுருட்டுவார், பிறகு எல்லோரோடும் இருந்து பியர் குடிப்பார். அது பங்கேற்பு. நான் அந்த மாலைகளில் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பகலில் வைத்தியசாலையில், அதே ஊர்க்காரர்களுக்கு வயிறு வெட்டித் தைத்த அறைகளைத் துப்புரவாக்கினேன். அது பங்கேற்பு இல்லையாம். கடிதத்தை வாசித்துவிட்டு அன்று முழுக்கக் குசினியில் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவினேன்.

அதன்பிறகு லண்டனில் என் தங்கையின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மூன்று சிவப்புப் பாஸ்போட்டுகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டன. என் விசா வந்து சேரவில்லை. தாலி கட்டியதை நான் வட்ஸ்அப்பில் பார்த்தேன். யாரோ ஒரு மாமியின் கொண்டை பாதித் திரையை மறைத்துக்கொண்டு நின்றது. அன்றுதான் மறுபடி விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்தேன். ‘இந்தமுறை ஊர்க்காரர் கண்ணில் படும்படி ஏதாவது செய்’ என்று என் மேலதிகாரி அம்மாளும் சொன்னாள். தேர் கண்ணில் படாமல் போகாது.

அனுமதிப் படிவம் போனது ஊரின் கெமைண்ட, அதாவது ஊராட்சி, அலுவலகத்துக் கீழ்மாடிக்கு. என் குடியுரிமைக் கோப்பு காத்திருந்தது அதே கட்டடத்தின் மேல்மாடியில். நடுவில் பதினாறு படிகள், நான் எண்ணியிருக்கிறேன். நல்ல பெயர் அந்தப் படிகளில் ஆறுதலாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். கெட்ட பெயர் இரண்டு இரண்டு படியாகத் தாவும். தேரில் ஏதாவது பிழைத்தால் என் கோப்பு அன்றோடு மூடப்படும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வைத்தியசாலையில் துப்புரவுப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். எங்களுக்கு இடர் முகாமைத்துவம் என்று மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். நடக்கக்கூடிய கேடுகளை எல்லாம் ஒரு அட்டவணையில் எழுதவேண்டும். எவ்வளவு சாத்தியம், எவ்வளவு சேதம் என்று பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் தீட்டவேண்டும். ஈரத் தரையில் யாராவது வழுக்கி விழுவது மஞ்சள். தேருக்கு நான் எழுதிய அட்டவணை ஏழு பக்கம் வந்தது. அதில் பச்சை என்று ஒன்றுதான் இருந்தது: மழை. மழை பெய்தால் சனம் வராது, சனம் வராவிட்டால் ஆபத்தும் இல்லை.

கீழ்மாடியில் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு பெண். பென்சிலைக்கூட மேசைக்கு நேராக வைக்கிறவள். நானும் தலைவரும் அவள்முன் இருந்தோம். அவள் டொச்சில் கேட்பாள், நான் தலைவருக்குத் தமிழில் சொல்வேன். தேரின் எடை, உயரம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தவள், வாகன உரிமையாளர் யார் என்று கேட்டாள்.

“அம்பாள்” என்றார் தலைவர், யோசிக்காமல்.

நான் கோயிலின் பெயரைச் சொன்னேன். அடுத்து, தேருக்குப் பிரேக் இருக்கிறதா என்று கேட்டாள்.

“அம்பாள் இருக்கேக்கை பிரேக் என்னத்துக்கெண்டு சொல்லுங்கோ.”

சில்லுக்கு அடியில் கட்டை வைப்பதற்கு நாலு பயிற்சி பெற்ற ஆட்கள் நிற்பார்கள் என்று சொன்னேன். அந்த நாலு பேரையும் அந்த நிமிடத்தில்தான் நான் உண்டாக்கினேன். பிறகு தேங்காய்க்கு வந்தோம். தேருக்கு முன்னால் ஆயிரத்தெட்டுத் தேங்காய் உடைப்போம் என்று தலைவர் பெருமையோடு சொன்னார். அதிகாரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். எங்கே உடைப்பீர்கள், ஏன் உடைப்பீர்கள், உடைந்த துண்டு பக்கத்தில் நிற்கிற ஆளின் கண்ணில் பட்டால் எந்தக் காப்புறுதி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள்.

“ஆணவத்தை உடைக்கிறதெண்டு அர்த்தம். விளங்கப்படுத்துங்கோ தங்கச்சி” என்றார் தலைவர்.

விளங்கப்படுத்தினேன். அவள் மரியாதையோடு கேட்டுவிட்டு, பலகையால் அடைத்த பெட்டிக்குள் உடைக்கலாம், உடைக்கிறவர்கள் கண்ணாடி போடவேண்டும் என்று எழுதினாள். ஆயிரத்தெட்டு ஆணவம் அந்தப் பெட்டிக்குள் அடங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தலைவருடைய ஒன்று மட்டும் அடங்காது.

வெளியாட்களைச் சமாளிப்பது சுலபம். வகுப்பில் இன்னொரு படமும் கற்றுத் தந்திருந்தார்கள்: சம்பந்தப்பட்ட ஆட்களை நாலு கட்டத்தில் போடவேண்டும். செல்வாக்குக் கூடியவர், குறைந்தவர். அக்கறை கூடியவர், குறைந்தவர். பொலிஸ், பஸ் கொம்பனி, தீயணைப்புப் படை எல்லாம் அந்தந்தக் கட்டத்தில் சொன்ன சொல் கேட்டு இருந்தன. நம்மவர்களை எழுதத் தொடங்கியதும் எல்லோருக்கும் செல்வாக்குக் கூடிய கட்டம்தான் வேண்டியிருந்தது. செல்வாக்கே இல்லாத முன்னாள் தலைவர், இந்நாள் தலைவருக்குக் காரியம் கெடவேண்டும் என்பதில் அளவு கடந்த அக்கறை வைத்திருந்தார். அப்படிப்பட்டவருக்கு அந்தப் படத்தில் கட்டமே கிடையாது.

அவருடைய கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். தேர் வடத்தின் முன் நுனியை அவர்தான் முதலில் தொடவேண்டும். தேரை ஜெர்மனியில் சொல்லிச் செய்வித்தது அவர் காலத்தில். இந்நாள் தலைவரோ, தேருக்குப் பெயின்ற் அடித்தது தன் காலத்தில் என்றார். ஒரு முழுச் சனிக்கிழமை இந்த வழக்கைக் கேட்டேன். கடைசியில் வடம் இரண்டு இருக்கிறதே, ஆளுக்கொன்றின் நுனியைப் பிடியுங்கள் என்றேன். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு தனித்தனியாக வந்து வலது வடம் எனக்குத்தானே என்று என்னிடம் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஓம், உங்களுக்குத்தான் என்றேன். அட்டவணையில் ‘வடம்’ என்று எழுதி, அதற்குச் சிவப்பு தீட்டினேன்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். என் புத்தி என்னைக் கவிழ்த்தது இங்கேதான்.

தேர் வெளிக்கிடும் நல்ல நேரம் பத்து பதினேழு என்று ஐயர் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லியிருந்தார். கெமைண்ட பத்து மணியிலிருந்து வீதியை மூடித் தந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒன்பதரைக்கு முன் ஒரு சத்தமும் வெளியே கேட்கக்கூடாது என்பது அனுமதியின் மூன்றாவது நிபந்தனை. எங்கள் கோயில், முன்பு கார் திருத்திய மண்டபம் ஒன்றில் இருக்கிறது. அதற்குப் போகிற ஒழுங்கையில் வரிசையாகப் பத்து வீடுகள். பத்து வீட்டுத் தபால் பெட்டியிலும் நானே கடிதம் போட்டேன். ‘ஒன்பதரைக்கு முன் உங்கள் அமைதி குலையாது’ என்று எழுதி, என் பெயரும் கையடக்கத் தொலைபேசி எண்ணும் கீழே.

ஆனால் நம்முடைய சனம் நேரத்துக்கு வராது. இது எல்லோருக்கும் தெரிந்ததால், அழைப்பிதழில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளிப் போடுவது எங்களுக்குள் வழக்கம். ஆறு மணிக் கல்யாணத்துக்கு ஏழு மணிக்கு வெளிக்கிடுகிற சனத்துக்கு ஐந்து மணி என்று அடிப்பார்கள். சனத்துக்கும் அது தெரியும். அவர்கள் அதற்கேற்ற மாதிரி இன்னும் பிந்துவார்கள். இப்படி ஒருவரை ஒருவர் ஏமாற்றி, ஏமாறாமல், எல்லாக் காரியமும் ஒருமாதிரி நடந்துவிடும்.

நான் தலைவரிடம், கெமைண்ட ஒன்பது மணிக்கே சனம் வந்து நிற்கவேண்டும் என்கிறது என்று சொன்னேன். அது பொய். பத்துக்காவது எல்லோரும் வந்து நிற்பார்களே என்று நினைத்தேன். தலைவர் தன் பங்குக்கு ஒரு மணித்தியாலம் கழித்துச் செயலாளரிடம் எட்டு என்றார். செயலாளருக்குத் தலைவரின் ஆட்களைத் தெரியும். அவரும் ஒன்றைக் கழித்தார். துண்டுப் பிரசுரம் அச்சாகி வந்தபோது ‘காலை 7.00 மணிக்குத் தேர்த் திருவிழா ஆரம்பம்’ என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. நான் அதைக் கண்டேன். திருத்தச் சொல்லவில்லை. சந்தோஷப்பட்டேன். ஏழு என்று போட்டால் ஒன்பதரைக்குச் சரியாக வந்து சேர்வார்கள் என்று கணக்குப் போட்டேன். ஏழு பக்க அட்டவணையில், நம்முடைய சனம் நேரத்துக்கு வந்துவிடும் என்கிற ஆபத்தை நான் எழுதவே இல்லை.

அந்த வருடம் சூரிச் பக்கத்து ஆட்கள் மூன்று பஸ் பிடித்திருந்தார்கள். ஷ்லீரனிலிருந்து ஒன்று, ஓர்லிகோனிலிருந்து இரண்டு. சாரதிகள் சுவிஸ்காரர்கள். அவர்கள் கையில் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு மணி என்று கண்டார்கள்; ஏழு என்றால் ஏழு என்று நினைத்துவிட்டார்கள். ஐந்து இருபதுக்குப் புறப்படும், அந்த நேரத்துக்கு வந்து நிற்காதவர்களை ஏற்றமாட்டோம் என்று சொல்லி, சொன்னபடியே புறப்பட்டார்கள். ஓர்லிகோனில் ஒரு குடும்பம் சேலை மடிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்சுக்குப் பின்னால் ஓடியதாம்.

ஆகஸ்ட் ஞாயிறு. ஏழுக்குப் பத்து நிமிடம். மண்டபத்துக்குள் நான் பூத்தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே இருநூறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்று தீயணைப்புப் படை விதித்திருந்தது. வாசலில் அந்தப் படையின் சார்பில் நின்றது என் கணவர். விரலால் அமுக்கி எண்ணுகிற சின்னக் கருவி ஒன்று அவர் கையில். காலைப் பூசைக்கு வந்த உள்ளூர்ச் சனத்தோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது. “இருநூறு. இனி ஆரையும் விடேலாது” என்று கதவைச் சாத்தினார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் ஒரு காரியத்தை அவ்வளவு திருத்தமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

கதவுக்கு வெளியே மூன்று பஸ்களும் வந்து நின்றன. பட்டுச் சேலைகள், வேட்டிகள், பூக்கூடைகள், தூங்கி எழுந்த குழந்தைகள் எல்லாம் பத்து வீட்டு ஒழுங்கையில் இறங்கின. ஷ்லீரன் பஸ்ஸில் மேளக்காரரும் வந்திருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் தவில்காரரின் கை சும்மா இருக்காது. ஏழு மணி அடித்த கையோடு, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அந்த ஒழுங்கையில் தவில் முழங்கியது. நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. யாரோ ‘அரோகரா’ என்றார்கள்.

என் தொலைபேசி அடித்தது. அதிகாரிதான். ஒழுங்கையில் ஒருவர் பொலிசுக்கு அறிவித்துவிட்டார், தானும் புறப்பட்டு வருவதாகச் சொன்னாள். கால் மணித்தியாலத்துக்குள் சத்தம் நிற்காவிட்டால் அனுமதி ரத்து. அறிக்கை பொறுப்பாளரின் பெயரில் போகும். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பதினாறு படிகளும் கண்முன்னே வந்தன.

வெளியே ஓடினேன். முதலில் தவில்காரரிடம் போனேன். “நிப்பாட்டுங்கோ” என்றேன். அவர் கேட்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நான் அவர் கையிலிருந்த கழியைப் பிடுங்கினேன். அப்படி ஒரு காரியத்தை யாரும் செய்யமாட்டார்கள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோது கோபம்கூட இல்லை, நம்பமுடியாத ஒரு பார்வை. பிறகு பூப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் ஏறினேன்.

“எல்லாரும் திருப்பி பஸ்சுக்கை ஏறுங்கோ! கதைக்காமல் ஏறுங்கோ! அரோகரா சொல்லாதேங்கோ! பிள்ளையளை அழவிடாதேங்கோ!”

வைத்தியசாலையில் அந்தக் குரலை நான் பயன்படுத்துவதில்லை. எனக்குள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சனம் ஏறியது. ஏன் என்று கேட்காமல் ஏறியது, அதுதான் இன்றைக்கும் எனக்கு உறைக்கிறது. கூடையோடு ஏறினார்கள், குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். உள்ளே கதைக்கிற சத்தம் வெளியே கேட்டது. கதவுகளைச் சாத்தச் சொன்னேன். நிற்கிற வண்டியில் எஞ்சின் ஓட விடக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம்; ஆகவே குளிரூட்டியும் இல்லை. ஆகஸ்ட் வெயில் அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பஸ்ஸாகப் போய், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நடந்தேன். கைக்குழந்தை ஒன்று அழுதது. தாயைப் பார்த்து “ஷ்ஷ்” என்றேன். அவள் குழந்தையின் வாயைத் தன் சேலைத் தலைப்பால் மறைத்தாள். அழுகை நிற்கவில்லை, சத்தம் குறைந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஷ்லீரன் பஸ்ஸில் முன்வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபது வயதிருக்கும். சால்வையை மடித்து மடியில் வைத்திருந்தார். நெற்றி வியர்த்து விபூதி கரைந்துகொண்டிருந்தது.

“பிள்ளை, எவ்வளவு நேரம்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஒன்பதரை மட்டும், ஐயா. கதைக்காதேங்கோ.”

“ஏழெண்டுதானே போட்டிருந்தியள்.”

நான் அடுத்த வரிசைப் பக்கம் திரும்பினேன். அவர் விடவில்லை.

“இறங்கு, ஏறு, கதைக்காதை. இதெல்லாம் நாங்கள் ஊரிலயே பாத்திட்டுத்தான் பிள்ளை இஞ்ச வந்தனாங்கள். அங்க ஆமிக்காரன் சிங்களத்தில சொன்னவன். இஞ்ச நீங்கள் தமிழிலயே சொல்லுறியள்.”

பின்னால் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் அவரைத் தடுக்கவும் இல்லை. நான் “ஷ்ஷ்” என்றேன். அவரைப் பார்த்துத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.

அதிகாரி வந்தபோது ஒழுங்கை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மூன்று பஸ்களும் சாத்திய கதவுகளோடு நின்றன. எதிர் வீட்டு மாடத்தில் குளியல் அங்கியோடு ஒரு மனிதர் கோப்பையில் ஏதோ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தாள், எழுதினாள், தலையை அசைத்தாள். அனுமதி தப்பியது.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அவர்கள் அப்படியே இருந்தார்கள். நான் தண்ணீர்ப் போத்தல்களைக் கொடுத்து அனுப்பினேன். நேரே கொண்டுபோக எனக்கு முகம் இல்லை. உள்ளூர்ச் சனமோ, காலைப் பூசைக்கு வந்தவர்கள் போக, ஒன்பதரைக்குத்தான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. என் கணக்கு அவர்கள் விஷயத்தில் ஒரு நிமிடம்கூடப் பிழைக்கவில்லை.

பத்து பதினேழுக்குத் தேர் அசைந்தது. இரண்டு தலைவர்களும் வலது வடத்துக்கே வந்தார்கள். ஒருவர் கைமேல் ஒருவர் கைவைத்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இழுத்தார்கள். நான் உண்டாக்கிய நாலு கட்டைக்காரர்களும் சரியாக நின்றார்கள். தேங்காய் பெட்டிக்குள் உடைந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு உடைத்தவர்கள் ஏதோ வெல்டிங் வேலைக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அம்மன் ஒழுங்கையைச் சுற்றி வந்தபோது எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. வடத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவில் தலைவர் மைக் பிடித்தார். கெமைண்டவுக்கு நன்றி, பொலிசுக்கு நன்றி, தன் தலைமையில் பதினொரு பேரும் பட்ட பாடு சொல்லி முடியாது என்றார். தீயணைப்புப் படையின் சேவையைப் பாராட்டி என் கணவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் என்னைத் தேடிக் கூட்டத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தார், பாவம். நான் தேங்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் சிரட்டைத் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தவில்காரர் என்னைத் தாண்டிப் போனார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் தவிலை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு நாலு மாதம் மேல்மாடியிலிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அறிக்கைதான் வந்திருக்கிறது என்று நினைப்பேன். சனத்தை ஏழு மணிக்கு வரவழைத்தவள் நான் என்பது எப்படியாவது தெரியவந்திருக்கும் என்று எனக்குள் ஒரு பயம். கடைசியில் நேர்முகத்துக்கு அழைத்துக் கடிதம் வந்தது. தீயணைப்புப் படையில் பியர் குடிக்காத ஒரு பெண் எப்படிப் பங்கேற்பைக் காட்டுவது என்று நானும் ஒரு கோப்பு தயாரித்தேன். ஏழு பக்க அட்டவணை, அனுமதிக் கடிதம், தேர்ப் படங்கள்.

நீள மேசை. குடியுரிமையை முடிவுசெய்யும் குழுவில் ஊர்க்காரர் ஐந்து பேர், மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். நடுவில் இருந்தவரை உடனே அடையாளம் கண்டேன். குளியல் அங்கி இல்லை, கோட் போட்டிருந்தார். மாடத்து மனிதர்தான். பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தது தான்தான் என்று முதல் வார்த்தையாக அவரே சொன்னார். எனக்கு எல்லாம் முடிந்தது என்று தெரிந்தது. லண்டன் விசா வரிசையில் இன்னும் பத்து வருடம் நிற்பேன் என்று நினைத்தேன்.

அவர் என் கோப்பைத் திறக்கவே இல்லை.

“உங்களை எங்களுக்குத் தெரியும்” என்றார் டொச்சில், மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு. “அன்று காலை என் மனைவியும் நானும் மேலேயிருந்து பார்த்தோம். மூன்று பஸ் நிறைய ஆட்கள், மேளம், கூச்சல். இந்தப் பெண் ஒரு பெட்டியில் ஏறினாள். பத்து நிமிடம். பத்தே நிமிடத்தில் எனக்குக் குருவிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டு மணித்தியாலம் ஒருவர் வாய் திறக்கவில்லை. அப்போதே மனைவியிடம் சொன்னேன், இவள் எங்களில் ஒருத்தி என்று.”

மற்ற நாலு பேரும் புன்னகையோடு தலையாட்டினார்கள். உண்மையாகவே அன்பான முகங்கள். தங்கள் பரிந்துரை சாதகமாகப் போகும், இனிக் கவலைப்படத் தேவையில்லை என்றார் அவர். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. இல்லை என்று சொன்னால் அது பொய். அதே நேரத்தில் முகம் எரிந்தது. அன்று பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் நேரத்துக்கு வந்தவர்கள், பொய் சொன்னவள் நான் என்று சொல்ல வாய்வரை வந்தது. என் டொச்சுக்கு அந்த வாக்கியம் ஒன்றும் கஷ்டமானது இல்லை.

“மெர்சி வீல்மால்” என்றேன். மிக்க நன்றி என்று அர்த்தம்.

கீழே கணவர் காரில் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக இறங்கினார்.

“என்னவாம்? இல்லையெண்டிட்டினமோ?”

“இல்லை. குடுக்கினமாம்.”

“பாத்தியே! நான் சொன்னனான்தானே, தேர் செய்தது காட்டினால் தருவினமெண்டு. அதுதானே சொன்னவை? தேரைத்தானே?”

“தேரைப் பற்றி ஒருதரும் கேக்கேல்லை” என்றேன். “எங்கட சனத்தை வாய் பொத்த வைச்சதுக்குத் தருகினம்.”

அவர் சிரித்தார். நான் பகிடிதான் விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.